ரெண்டு தண்ணி பார்த்த டவல்

நம்ம வயசுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். கடையில் புது டவலை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, எச்சில் தொட்டு வைத்துச் சோதித்ததுண்டா? நான் போன வாரம் சோதித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தது மட்டும் தப்பு.

"மாமா, நல்லதா நாலு டவல் நீங்களே எடுங்க, அப்புறம் நான் எடுத்ததக் குறை சொல்லக் கூடாது" என்று மருமகள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். ஏ.சி. போட்ட கடை. விற்கிற பெண் ஏதேதோ நாட்டுப் பஞ்சின் பெயரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, டவலின் மேல் ஒரு சொட்டு வைத்து, மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மருமகளைப் பார்த்தது. மருமகள் கூரையைப் பார்த்தாள். நான் ஐம்பது வருஷம் பின்னால் போய், ஐப்பசி மழையில் புதுவாயல் முச்சந்தியில் நின்றேன்.

அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டில் வாய் திறந்தால் டவல் பேச்சுதான். வாயை மூடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அக்காவை நினைத்துக்கொண்டிருந்தோம். ரெண்டும் ஒரே கவலை.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்புக் கம்பி கம்பெனியில் வேலை. உருண்டு வரும் கம்பியை வளைத்துப் பார்த்து, எடை போட்டு, சாக்பீஸால் ஓ.கே. என்று எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான். முருங்கைக்காயைக்கூட வளைத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு திருவாலங்காடு. மாப்பிள்ளைக்குத் திருவள்ளூரில் ஒரு உரக்கடையில் வேலை. சீர்வரிசைத் தட்டில் வைக்க அம்மா தானே போய் ஒரு டவல் எடுத்து வந்தாள். குங்குமச் சிவப்பு. பார்த்தால் மங்களகரமாக இருக்கட்டும் என்றாள். நைனா அன்றைக்கு நைட் ஷிப்ட், இன்ஸ்பெக்‌ஷன் நடக்கவில்லை.

மறுவீட்டுக்கு அக்காவோடு துணைக்குப் போனது நான். பதினொரு வயசு. மறுநாள் காலையில் மாப்பிள்ளை குளித்துவிட்டு வெளியே வந்தார். காது சிவப்பு, கழுத்து சிவப்பு, வெள்ளை பனியன் தோளில் சிவப்பு. ஆளை யாரோ குங்குமத்தில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது. அவருடைய அம்மா அதைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த ஏதோவை எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் நான்தான்.

யார் பேசினாலும் அவர்கள் குரலிலேயே திருப்பிப் பேசிக் காட்டுவது அந்தக் காலத்தில் என் தொழில். வாத்தியார், பஸ் கண்டக்டர், கம்பெனி மேஸ்திரி, யாரும் பாக்கி கிடையாது. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, இடுப்பில் கை வைத்து, சம்பந்தியம்மாவின் கட்டைக் குரலில் பேசிக் காட்டினேன்.

"இன்னாடா இது, டவலா, அடிபட்டவனுக்குக் கட்ற கட்டுத்துணியா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நைனா சுவரைப் பார்த்தார். பிறகு அம்மா போன திசையைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சொல்லாகச் சொல்லியிருந்தாலே பரவாயில்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம், அழைத்து வந்தோம். ஆவணியில் திரும்பிப் போக வேண்டும். ஆவணி போனது. யாரும் கூப்பிட வரவில்லை. "எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் கொண்டு போய் உடுவேன்? அவங்களே வரட்டும்" என்றார் நைனா. புரட்டாசியும் போனது. குழாயடியில் "இன்னா, பொண்ணு இன்னும் ஊட்லயே கீது?" என்று கேட்டவர்களுக்கு அம்மா முதலில் அக்காவுக்கு ஜுரம் என்றாள், பிறகு இருமல் என்றாள். அப்புறம் குழாயடிக்கே என்னை அனுப்ப ஆரம்பித்தாள்.

அக்கா கொண்டுவந்த தகரப் பெட்டி ஜன்னலுக்குக் கீழே பூட்டியபடி கிடந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் அரிசி களைகிற கை நின்றுவிடும். மணி தெருவைத் தாண்டிப் போன பிறகு மறுபடி ஓடும்.

தலைதீபாவளிக்காவது அழைக்க வேண்டுமே என்று அம்மா சண்டை போட்டு, நைனா ஒரு இன்லண்டு லெட்டர் போட்டார். பதில் வந்தது. "தீபாவளிக்கு வருகிறேன். அன்றே திரும்ப வேண்டும்." அவ்வளவுதான். 'திரும்ப வேண்டும்' என்றால் ஒருத்தராகவா, ரெண்டு பேராகவா? நைனா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எத்தனை தடவை படித்தாலும் அந்த வரி அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் உண்டு. குளித்தால் துவட்ட டவல் வேண்டும். இந்தத் தடவை டவல் சரியாக இல்லையென்றால் அக்காவின் பெட்டி ஜன்னலுக்குக் கீழேயே துருப்பிடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். "நானே பாத்து எடுக்கறேன்" என்று நைனா கிளம்பினார். கூடவே நான், கையில் கம்பெனி ஸ்பிரிங் தராசோடு.

புதுவாயலில் கல்கத்தா ரோடு திரும்புகிற இடத்தில் பாய் கடை. பழவேற்காட்டுக்காரர். கடைக்குள் நுழைந்தாலே புதுத்துணி வாசனை தும்மலாக வரும். நைனா டவலை ஒவ்வொன்றாகத் தராசுக் கொக்கியில் மாட்டினார். முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லி மறுமுனையை என்னிடம் கொடுத்தார். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் பார்த்தார். சாயத்தின் மேல் இருந்த பயத்தில் கடைசியில் வெள்ளைக்கு வந்து சேர்ந்தார். வெள்ளையில் ரெண்டு ரகம் மிஞ்சியது. ஒன்று தொளதொளவென்று, மூட்டை கட்டுகிற துணி போல. இன்னொன்று அட்டை மாதிரி விறைப்பாக, பளபளவென்று, நல்ல கனம். நிறுத்தி வைத்தால் நிற்கும்.

பாய் பொறுமையாகச் சொன்னார். "சார், அந்தக் கனம் துணில இல்ல, கஞ்சில கீது. ரெண்டு தண்ணி பாத்தாத்தான் டவலு கொணம் தெரியும். இத்த எடுத்தீங்கன்னா, நனைச்சு உலத்திட்டு அப்புறம் குடுங்க."

வெளியே வந்ததும் நைனா என்னிடம், "பாத்தியா, விக்காத சரக்கத் தள்ளி உடப் பாக்கறாரு" என்றார். விறைப்பு ரகத்தில் ரெண்டு எங்கள் கையில் இருந்தது. சாக்பீஸ் இருந்திருந்தால் அதன் மேலேயே ஓ.கே. எழுதியிருப்பார்.

அம்மா ரெண்டு டவலின் மூலையிலும் மஞ்சள் தடவி மரபீரோவில் வைத்தாள். நான் சும்மா இருப்பேனா? அவள் அந்தப் பக்கம் போனதும் பீரோவைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டு ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு உள்ளே போகவில்லை. சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் மாதிரி உருண்டது. டவலைச் சாய்த்தேன். சொட்டு ஓடிப்போய் என் முழங்காலில் விழுந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன், பாய் சொன்னதையும் சேர்த்து. அம்மா மாவு பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

"கோடிய நனைச்சா அது கோடியாடா? நனைச்சு உலத்துனா பழசு. தலைதீபாவளிக்கு மாப்ளைக்குப் பழசக் குடுக்கறதா?"

நைனாவிடம் போனேன். "நான் பாத்து எடுத்த சரக்கு" என்றார். அக்காவிடம் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "இது யார் குரல்ல சொல்ற?" என்றாள். அதுதான் என் லட்சணம். தமாஷ் பண்ணுகிறவன் நெருப்பு என்று கத்தினால், நன்றாக நடிக்கிறான் என்பார்கள்.

அந்த டவலுக்காக நான் ஏன் அப்படிக் கிடந்து துடித்தேன் என்று கேட்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். சம்பந்தியம்மா கட்டுத்துணி என்று சொல்லவே இல்லை. அவர் சொன்னது வேறு, அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னது. உள்ளதைச் சொன்னால் ஒரு சிரிப்புத்தான் கிடைக்கும், சேர்த்துச் சொன்னால் நாலு கிடைக்கும் என்று நான்தான் கட்டுத்துணியைச் சேர்த்தேன். சிரிப்பு வராமல் அம்மாவுக்கு அழுகை வந்ததும், 'தமாஷுக்குச் சொன்னேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐந்து மாசம் கழித்து எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளை கொட்டும் மழையில் வந்து இறங்கினார். "வாங்க மாப்ள" என்றார் நைனா. "வர்றேன் மாமா" என்றார் அவர். பிறகு ரெண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை நின்றிருந்தால் என்ன பேசியிருப்பார்களோ. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரையே பார்த்துக் குடித்தார்.

அம்மா அதிரசத்துக்கு உட்கார்ந்த நேரத்தில் நான் பீரோவிலிருந்து அடி டவலை உருவி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் தெருக் கோடியில் நெல் அவிக்கிற ரைஸ் மில். அங்கே சுடுதண்ணீருக்குப் பஞ்சமில்லை. நெல் ஊறுகிற தொட்டியோரம் சுடுதண்ணீரில் ஒரு தடவை, பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசினேன். கஞ்சி பால் மாதிரி வடிந்து ஓடியது. பிழிந்தால், கையில் பாதி எடைகூட இல்லை. நைனா தராசில் பார்த்த கனமெல்லாம் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

காய வைக்க வெயில் எங்கே? பாய்லர் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்புக்கு உமி தள்ளுகிறவர், "இன்னாடா, நெல்லு கூட டவலையும் அவிக்கிறியா?" என்றார். கால் கடுக்க நின்று காய வைத்தேன். டவல் மெத்தென்று ஆகிவிட்டது. ஆனால் அம்மா வைத்த மஞ்சள் போய்விட்டது, வெள்ளை லேசாகப் பழுப்பேறிவிட்டது, மூக்கில் வைத்தால் அவித்த நெல் வாசனை ஆளைத் தூக்கியது. மடித்துக் கொண்டுபோய் மற்றதற்கு அடியில் வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று நான் யோசித்து வைக்கவில்லை.

விடிகாலை. வெந்நீர் அண்டா, சீயக்காய், நல்லெண்ணெய் எல்லாம் தயார். பின்கட்டில் ஓலைத் தட்டி மறைத்த குளியலறை. அம்மா மஞ்சள் வைத்த விறைப்பு டவலைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நைனா கிணற்றோரம் நின்று பல் துலக்குகிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா அண்டாவுக்குப் பின்னால். நான் துளசிச் செடிக்குப் பக்கத்தில், நானும் ஒரு செடி மாதிரி.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. பிறகு சர், சர் என்று ஒரு சத்தம். தகரத்தில் உப்புத்தாள் தேய்த்தால் வருமே, அது. கொஞ்சம் நேரம் சர், சர். அப்புறம் அதுவும் நின்றது.

"அத்தை, வேற டவல் எதுனா கீதா?"

அம்மா பீரோவுக்கு ஓடினாள். அடியில் இருந்த டவலோடு திரும்பி வந்தவள் பாதி வழியில் நின்றாள். மூலையைப் பார்த்தாள், மஞ்சள் இல்லை. மோந்து பார்த்தாள். குரல் வெளியே வராமல் அக்காவைக் கேட்டாள். "இத யாரு எடுத்து உபயோகிச்சது? நீயா?"

அக்கா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஆடியிலிருந்தே எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நின்றாள்.

நைனா பல்குச்சியைக் கீழே போட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ள, ஒண்ணும் வேணாம். போய் உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. இந்த ஊட்ல அன்னைக்கும் கட்டுத்துணிதான் குடுத்தாங்க, இன்னைக்கும் கட்டுத்துணிதான் குடுத்தாங்கன்னு."

தட்டிக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"எந்தக் கட்டுத்துணி, மாமா?"

எனக்கு இப்போதுகூட அந்தக் கேள்வியை நினைத்தால் துளசி வாசனை அடிக்கும். தட்டிக்குப் பின்னால் இருந்த அக்கா புருஷனைப் பார்த்து, "மாமா," என்றேன். நைனா திரும்பினார். "அவங்க அத சொல்லல. நான்தான் சேத்துச் சொன்னேன்."

"வெளையாடாதடா," என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வெளையாடல. அவங்க சொன்னது வேற." சொல்ல வேண்டியதைச் சாதாரணமாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், என் குரலில் அது வரவே இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். இடுப்பில் கை வைத்து, அழுதுகொண்டே, சம்பந்தியம்மாவின் கட்டைக் குரலில் சொன்னேன். "கல்யாணமே ஆயிப்போச்சு, புள்ளைக்கு இன்னும் வெக்கம் போகல பாரு, கழுத்து வரைக்கும் செவந்துக்கினு கீறான்."

நைனாவின் கை மெல்ல உயர்ந்தது. கன்னத்தை எந்தப் பக்கம் காட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தட்டிக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஈரமான, குளிரில் நடுங்குகிற சிரிப்பு.

"அம்மா அப்டியேதான் பேசுவாங்க."

அப்போதுதான் அக்கா அசைந்தாள். அம்மாவின் கையிலிருந்து டவலை வாங்கித் தட்டிக்கு மேலே நீட்டினாள். ஒரு ஈரக்கை வந்து எடுத்துக்கொண்டது. அதன் பிறகு துவட்டுகிற சத்தமே கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் தலை நன்றாகக் காய்ந்து கலைந்திருந்தது. "மாமா, ஆவணில நீங்க கொணாந்து உடுவீங்கன்னு அம்மா தெனம் ரயில் நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. நீங்க வரல. சரி, அவளுக்குத்தான் எங்க ஊடு புடிக்கல போல, கூப்ட்டுப் பேஜார் பண்ண வேணான்னு நான் உட்டுட்டேன்." இதை நைனாவிடம் சொன்னாரே தவிர, பார்த்ததெல்லாம் அக்காவை.

அக்காதான் பேசினாள்.

"பெட்டிய ஆடிலேருந்து நான் பிரிக்கவே இல்ல."

மத்தியான ரயிலுக்கு ரெண்டு பேரும் கிளம்பினார்கள். நெல் வாசனை டவலை அக்கா பெட்டிக்கு மேலாக வைத்து எடுத்துப் போனாள். நைனா என்னை அடிக்கவில்லை. அவர்களை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்து, ஒரு இன்லண்டு லெட்டரை என் முன்னால் வைத்தார். "அந்தம்மா சொன்னத, அவங்களுக்கே சொன்னபடி எழுது. ஒரு எழுத்து சேக்கக் கூடாது." எழுதினேன். சம்பந்தியம்மா சொன்ன அந்த ஒரு வரியை எழுதி, அதற்குக் கீழே, 'மற்றதெல்லாம் நான் சேர்த்தது, மன்னிக்கவும்' என்று போட்டேன். நைனா படித்தார், ஒட்டினார். பிறகு மாப்பிள்ளை விட்டுப் போன விறைப்பு டவலை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினார். தண்ணீர் வெளுத்தது. கொட்டிவிட்டு இன்னொரு வாளி இறைத்தார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. எழுத்து மாப்பிள்ளையுடையது, பேச்சு சம்பந்தியம்மாவுடையது. 'பையனைப் பொங்கலுக்கு அனுப்பவும். நான் பேசுகிற மாதிரி என் எதிரிலேயே பேசிக் காட்ட வேண்டும்.'

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், அன்றைக்கு மாதிரி பயந்ததில்லை. திருவாலங்காட்டு வீட்டுக் கூடத்தில் நின்று, அவருடைய குரலை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொடியில் கைக்கு எட்டிய டவலை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரோஸ் கலர் டவல். "இத்த எங்க வாங்குனாங்க உங்க அம்மா? சாயம் போனதுக்கு அப்புறம் இது மாதிரி டவலு இந்த ஊட்லயே கெடையாது. நான் யாரையும் தொட உடறதில்ல" என்றார். தொட்டுப் பார்க்க என்னிடம் கொடுத்தார். பஞ்சு. ஓரத்துத் தையலுக்குள்ளே மட்டும் கொஞ்சம் குங்குமச் சிவப்பு மிச்சமிருந்தது.

ஊருக்கு வந்ததும் வராததுமாக ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். குரல் மாற்றவில்லை, கை ஆட்டவில்லை, ஒரு எழுத்து சேர்க்கவில்லை. அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "போடா, சேத்துச் சொல்லாத" என்றாள்.

நைனா கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். அவரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் எழுந்து வாசல்வரை போயிருப்பேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண் முறத்திலேயே இருந்தது, கை மட்டும் நின்றிருந்தது.

"மெத்துனா இருந்துச்சு? எவ்ளோ மெத்துன்னு சொல்லு."